குளிர் பிடித்த ஞாயிறு

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டும் ஜெரால்டுக்கு வாரத்திற்கு ஒரு கேள்விதான் உண்டு. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குச் சுவீடனிலிருந்து மனைவி மகிழினி கைப்பேசித் திரையில் தோன்றியதும், சாப்பிட்டாயா என்றுகூடக் கேளாமல், "இன்னா மகிழு, குளிர் புட்ச்சிதா?" என்பான். "இன்னும் இல்லபா" என்பாள் அவள். இரண்டு ஆண்டுகளாக இதே பேச்சு.

தண்டையார்பேட்டையில் பிறந்து இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற மகிழினி, அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் மிக நுண்ணிய குளிர்பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். மூன்று நுண்ணிய மின்சுற்றுகள்தாம் அப்பெட்டி. அதற்குக் கம்ப்ரசர் கிடையாது. சூடே அதை ஓட்டும். குவாண்டம் விதிப்படி அங்கே சூடு ஒழுகி ஓடாது. பொட்டலம் பொட்டலமாகவே கைமாறும். சூடான சுற்றிலிருந்து ஒரு பொட்டலமும், குளிர வேண்டிய சுற்றிலிருந்து ஒரு பொட்டலமும் ஒரே கணத்தில் கிளம்பி, மூன்றாம் சுற்றில் சேர்ந்து வெளியேற வேண்டும். தனித்து எதுவும் கிளம்பாது.

"கம்ப்ரசரு, அமோனியா கேஸு எதுவும் இல்லாம, சூடு வச்சே ஜில்லு பண்றாளா? உன் வூட்டுக்காரி நல்லா கப்சா வுட்றா மாமு" என்பான், உடன் வேலை செய்யும் சௌக்கத் அலி.

ஜெரால்ட் நம்பினான். அவன் அறிந்த தொழிலில் குளிர் என்பது முடிவுள்ள ஒன்று. அச்சிலுள்ள நீர் நடுமையம்வரை உறைந்துவிட்டால் வேலை தீர்ந்தது. கட்டியைப் படகுக்கு அனுப்பிவிட்டு ஆள் வீடு திரும்பலாம். மகிழினியின் பெட்டியும் குளிர்ந்துவிட்டால் அவள் திரும்பிவிடுவாள் என்பது அவனுடைய எண்ணம். அதற்காகவே ராயபுரம் மாதா கோயிலில் வாரந்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றினான். யாரும் தலை வைக்காத அவளது தலையணைக்கும் தவறாமல் உறை மாற்றினான்.

அந்த ஞாயிறு ஐஸ் கம்பெனியில் வேலைக்கு நடுவே அழைப்பை எடுத்த அவன் வாய் திறக்குமுன்பே அவள் சொல்லிவிட்டாள்: "புட்ச்சிக்கிச்சு ஜெரால்டு! நாங்க நெனச்சதுக்கும் கீழ போயிச்சு!"

"பாய்! குளிர் புட்ச்சிக்கிச்சாம்! என் பொண்டாட்டி வரா!"

சௌக்கத் அலி கையிலிருந்த கொக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்து திரைக்குள் எட்டிப் பார்த்தான். "சீக்கிரம் வாம்மா தங்கச்சி. இவன் பேஜாரு தாங்கல. மெஷினாண்டகூட உன் பேச்சுதான்."

மகிழினி சிரிக்கவில்லை. அதைக் கண்ட சௌக்கத் அலி மெல்ல அகன்றான்.

"நான் வரேன்னு யாரு சொன்னா?"

"அதான் வேல முடிஞ்சிச்சில்ல?"

"இப்பதான் ஆரம்பம். இது ஓடும்னு தெரிஞ்சதாலதான் இன்னும் மூணு வருசம் இருக்கச் சொல்றாங்கோ. நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன்."

எந்தக் குளிருக்காக ஜெரால்ட் இத்தனை வாரம் மண்டியிட்டு வேண்டினானோ, அதுவே அவளை அங்கே நிறுத்திக்கொண்டது.

"என்னை ஒரு வார்த்த கேக்கலியே மகிழு."

"எப்புடிக் கேக்கறது? வாராவாரம் நீ மெஷினத்தான விசாரிச்ச? ஒரு தபாகூட என்னை வான்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா..." அவள் மேலே சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

கூப்பிட்டால் அவள் பாதியில் போட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று அஞ்சியன்றோ அவன் கூப்பிடாதிருந்தான்! அதைச் சொல்ல வாயெடுத்தான். சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டான். வெளியே படகுக்காரர்கள் ஐஸ் கேட்டுக் கூச்சலிட்டார்கள்.

"வா, மகிழு" என்றான்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொன்னேனே."

"காதுல வுயுந்துச்சு. இருந்தாலும் சொல்றேன். வா."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.