எட்டு மணி மாத்திரை

அத்தை கட்டிலில் கிடந்த தலையணையைப் புரட்டி, அடியிலிருந்த காலி மாத்திரை அட்டையை எடுத்துக் கூட்டத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்க. எங்கண்ணனைக் கொன்னது இதுதான்."

சித்தப்பா வாங்கிப் பார்த்தார். வெளிநாட்டு டாக்டர்கள் நடத்திய முகாமில் ஓசியில் வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்த்தார்.

"அப்பவே நினைச்சேன். ஓசியில யாராவது நல்ல பொருளைக் குடுப்பானா?"

மகள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகாமில் டாக்டர்களுக்கு மொழிபெயர்த்தவள் அவள். அப்பாவை இழுத்துப்போய் முதல் டோக்கன் வாங்கியவளும் அவள்தான்.

"அது பிரஷர் மாத்திரை அத்தை. போடலைன்னா எந்த நேரமும் தலையில நரம்பு வெடிக்கும்னாங்க."

"போட்டும் வெடிச்சுதேடி! கேட்கலாம்னா அவனுங்க பிளேன் ஏறிட்டானுங்க."

முகாம் நடந்த பத்து நாளும் மகள் காலை எட்டு மணி மாத்திரையையும் ஒரு துண்டு ரொட்டியையும் எடுத்துவைத்துவிட்டுத்தான் அங்கே போவாள். "ரொட்டிக்குள்ள வெச்சாதாம்மா இறங்குது" என்பார் அப்பா. மாலையில் வந்து அட்டையை எண்ணுவாள். கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. நேற்றுக் காலையோடு அட்டை காலி. நேற்று மாலையே அப்பாவும் போய்விட்டார்.

வாசலில் பக்கத்து வீட்டு நாய் படுத்திருந்தது. அதற்குப் பயந்து ஒரு தபால்காரர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் வேலையையே விட்டார். காற்றடித்தாலும் குரைக்கும். இன்று இவ்வளவு பேர் அதைத் தாண்டி வந்தும் வாயே திறக்கவில்லை.

"ஒரு வாரமாவே இப்படித்தான் சாதுவா கிடக்கு" என்றார் நாயின் சொந்தக்காரர்.

"வாயில்லா ஜீவன். முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது.

நாய் எழுந்து சோம்பல் முறித்தது. கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து உள்ளே வந்தது. அப்பாவின் காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, தலையைத் தூக்கி, வாயைத் திறந்தது.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அத்தை அட்டையை மெல்லத் தலையணைக்கு அடியிலேயே வைத்தாள்.

மகள் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு துண்டு ரொட்டி கொண்டுவந்து நீட்டினாள்.

நாய் அதைத் தரையில் போட்டு, மூக்கால் பிரித்து, நடுவில் முகர்ந்தது. பிறகு நிமிர்ந்து அவளைச் சந்தேகமாகப் பார்த்தது.