வெர்னா அக்காவின் எடை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. யாருடைய பொய் என்பதைத்தான் மூன்று முறை மாற்றி எழுதிவிட்டேன்.

முதல் தொடக்கம் இப்படி: ‘பெலிகன் கிரீக்கிலிருந்து கிளம்பிய பத்து இருக்கை விமானத்தில், தன் எடையைக் குறைத்துச் சொன்ன ஒரு பெண்மணி…’

(அடித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்தது, சனியன்.)

2

சின்ன விமானத்தில் ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவோம். எங்கள் பெலிகன் கிரீக் ஓடுபாதையில் பெட்டி தூக்குவது, எடை எழுதுவது, ரேடியோவில் பேசுவது எல்லாம் பதினோரு வருடமாக நான்தான். அன்று ஆறு பேர். ஐந்து பேர் சாமான் தராசில் ஏறினார்கள். ஆறாவது ஆள், பள்ளிக்கூடத்தில் சமைக்கும் வெர்னா அக்கா, ஏறவில்லை. தாளில் 75 கிலோ என்று விழுந்தது.

(விழுந்ததாம்! தானாகவா விழும்? இருங்கள், வருகிறேன்.)

3

கிளம்பிய பத்தாம் நிமிடம் விமானி கிர்ஸ்டி ரேடியோவில் வந்தாள். சக்கரம் சரியாக மடங்கவில்லையாம். திரும்ப இறக்கிப் பார்த்திருக்கிறாள்.

“செழியன், முன் சக்கரம் இறங்க மாட்டேங்குது. பின்னாடி ரெண்டும் இறங்கிருச்சு. பெரிய ஊர்ல மழை மூடிக் கெடக்கு, இங்கதான் வர்றேன். ஆளுங்களப் பின்னாடி நகர்த்தி, மூக்கத் தூக்கிப் புடிச்சே இறக்கணும். பின்னாடி பாரம் கூடிப்போச்சுன்னா என் கைக்கு அடங்காது. தாள்ல வெர்னாவுக்கு எழுபத்தஞ்சுன்னு இருக்கு, எடையெல்லாம் நெசந்தானே?”

நான் உடனே உண்மையைச் சொன்னேன்.

(இதையும் அடிக்கிறேன். மைக் கையில் இருந்தது. நான் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.)

அவள் பின்னாலிருந்து வெர்னா அக்காவின் குரல் ரேடியோவில் கேட்டது. “ஏ பொண்ணு, எனக்கு நூத்திநாலுன்னு போட்டுக்க! அந்தத் தம்பிகிட்ட நான்தான் கொறச்சுச் சொன்னேன்.”

“எழுபத்தஞ்சுங்கறது ஒரு காலுக்கா அக்கா?” என்றது இன்னொரு குரல்.

“இறங்கினதும் உன்ன மிதிக்கிறேன், எந்தக் காலுன்னு பாத்துச் சொல்லு.”

கிர்ஸ்டி, வெர்னா அக்காவை நடுவிலேயே இருக்கச் சொல்லி, மற்றவர்களைப் பின்னால் அனுப்பினாள். எரிபொருள் குறைய ஒரு மணி நேரம் சுற்றினாள். பின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஓடுபாதையின் பாதி தூரம் மூக்கு தூக்கியே இருந்தது. பிறகு தரையில் உராய்ந்து, பொறி பறக்க நின்றது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. நான் உட்கார்ந்து அழுதேன்.

4

அக்கா எதையும் குறைத்துச் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. ஊர் மதிக்கும் மனுஷியை எல்லார் முன்னாலும் தராசில் ஏற்றக் கூசி, மரியாதையாக ஓர் எண்ணை நானே எழுதினேன்.

விமானக் கம்பெனியிலிருந்து வந்து என்னிடம் விசாரித்தார்கள். “அவங்க சொன்னதத்தான் எழுதினேன்” என்றேன். அக்காவும் அதையே சொன்னார். என் வேலை தப்பியது. ஏழு மாதமாகக் கடையில், சர்ச்சில், மீன்பிடி மேடையில், “எழுபத்தஞ்சு வருது, வழி விடு!” என்று அவரைக் கேலி செய்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். நானும் ஒருமுறை சிரித்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு அ: அக்கா மன்னிக்கிறார்.

முடிவு ஆ: வேலை போகிறது, அக்கா அப்போதும்

இல்லை. இரண்டையும் நான் எழுதக் கூடாது. அக்காவுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தானே இவ்வளவும் உங்களிடம் கொட்டினேன்? இதுவும் ஒளிந்துகொள்வதுதான்.

மணி பத்தேகால். பள்ளிக்கூடத்தில் இடைவேளை விட்டிருப்பார்கள். சமையலறை வாசலில் அக்காவின் ரொட்டிக்காகப் பாதி ஊர் நிற்கும். அந்த எண்ணை எழுதியது நான்தான் என்று அத்தனை பேர் முன்னாலும், அவர்கள் பாஷையில் சொல்லப் போகிறேன். மிச்சக் கதையை அக்கா சொல்லட்டும். பேனாவை வைக்கிறேன்.