இறங்காத கயிறு

“என்ன ஸ்டீவன், அதுக்குள்ள திரும்பிட்டீங்க? எல்லாம் குடுத்தாச்சா?”

“எங்க குடுக்கிறது மா ஸமீரா? போன கனத்தோடயே திரும்பி வந்திருக்கேன்.”

ஸ்டீவன் சைக்கிளைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு, பின்னால் கட்டியிருந்த பெட்டியைத் திறந்து காட்டினான். இட்லிப் பொட்டலங்கள் அடுக்கு கலையாமல் இருந்தன. ஆவி மட்டும் போயிருந்தது.

“ஒருத்தருமா எடுக்கலை?”

“ரெண்டு மூணு கயிறு இறங்கிச்சு. மத்ததெல்லாம் மேலேயே சுருண்டு கிடக்கு. சைக்கிள் மணியை அடிச்சேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எட்டிப் பாக்கிறாங்க, சிரிக்கிறாங்க, கை ஆட்டறாங்க. கயித்தை மட்டும் இறக்க மாட்டேங்கறாங்க.”

யங்கூன் நகரத்து லான்மடாவ் சந்துகளில் ஐந்து மாடி, ஆறு மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். லிப்ட் கிடையாது. அதனால் பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு. நுனியில் ஒரு கிளிப். கீழே பையை மாட்டிவிட்டால் வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்வார்.

ஸமீரா கைபேசியைப் பார்த்தாள். நேற்று மாலை அவளுடைய செயலி எல்லா வாடிக்கையாளருக்கும் கேள்வி அனுப்பியிருந்தது: ‘நாளைக் காலைப் பலகாரம் வேண்டுமா?’ வந்த பதில் அத்தனையும் ‘வேண்டும்’. ஒரே ஒரு ‘வேண்டாம்’கூட இல்லை.

“அத்தனை பேரும் வேணும்னுதானே சொல்லியிருக்காங்க! சான்ஸே இல்ல ஸ்டீவன். எங்கியோ பிழை இருக்கு. கண்டுபிடிச்சிடறேன்.”

“காபூல்காரி மெட்ராஸ் தமிழ் பேசறதைக் கேட்டா எனக்கு இட்லியே வேணாம், வயிறு ரொம்பிடுது.”

“ஹெராத்! எத்தனை வாட்டி சொல்றது? காபூல் இல்லை, ஹெராத்.”

ஹெராத்தில் பிறந்து சென்னையில் கம்ப்யூட்டர் படித்தவள் ஸமீரா. விடுதியில் கற்ற தமிழ் அவள் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. படிப்பு முடிகிற சமயம் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் போனபோது, அவள் உட்கார்ந்து அழவில்லை. சென்னையிலிருந்தபடியே ஒரு செயலி எழுதினாள். ஹெராத்தில் வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்கள் தங்கள் வீட்டுத் தந்தூர் அடுப்பில் ரொட்டியும், உள்ளே கீரை வைத்த பொலானியும் சுடுவார்கள்; யார் நாளை சுடுகிறார்கள் என்று செயலி கேட்டு, ரொட்டி வாங்குகிற வீடுகளோடு சேர்த்துவிடும். அங்கே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டவள் சஜிதா, பள்ளிக்கூடத்துச் சிநேகிதி.

முதலில் ஜோராக ஓடியது. பிறகு அங்கே இணையத்தை ஒருமுறை முழுவதுமாக நிறுத்தினார்கள். அது திரும்ப வந்த பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். சஜிதா போனில் சொன்னது ஸமீராவின் காதில் இன்னும் இருந்தது: “நல்ல வழி கிடைச்சா சொல்லு. இல்லேன்னா இந்த வாரத்தோட நான் இதை மூடிடறேன். அடுப்பை அணைச்சிட்டு இருக்கறவங்க முகத்தை என்னால பார்க்க முடியலை.”

அந்த வழியைத் தேடித்தான் யங்கூன் வந்திருந்தாள். பாங்காக்கில் நடந்த ஒரு சிறு வியாபாரிகள் கூட்டத்தில், யங்கூனில் பலகாரக் கடை நடத்தும் தமிழ்ப் பெண் ஜாஸ்லின் மேடையேறி, “எங்க ஊர்ல கரண்ட் போகும், நெட் போகும். என் கடை மட்டும் போகாது” என்று சொன்னாள். அதற்கு மேல் ஸமீராவுக்கு எதுவும் தேவைப்படவில்லை. “அக்கா, நான் உங்க கடைக்கு வரட்டுமா?” என்றாள். “வாம்மா வா” என்றாள் ஜாஸ்லின்.

இப்போது ஜாஸ்லின் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சோடு சமையலறையிலிருந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், தம்பி ஸ்டீவனைப் பார்த்தாள்.

“போகட்டும் விடு. உதுத்துத் தாளிச்சா உப்புமா. யார் தலையிலாவது கட்டிடலாம்.”

“அதில்லக்கா. அவங்க ஏன் எடுக்கலைன்னு எனக்குத் தெரியணும். யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போய்க் கேக்கலாமா?”

ஜாஸ்லின் கொஞ்சம் தயங்கினாள். “கேக்கறதா? நேருக்கு நேரா?”

“ஆமா.”

“சரி, டாவ் மியா வீட்டுக்குப் போகலாம். ரிட்டயர் ஆன டீச்சர், மனசு தங்கம். ஆனா அஞ்சாவது மாடி.”

மின்சாரம் இல்லை. இருட்டுப் படிக்கட்டில் கைபேசி வெளிச்சத்தில் ஏறினார்கள். டாவ் மியா கதவைத் திறந்த கையோடு இருவரையும் உட்காரவைத்து, தேநீரும் வறுத்த பட்டாணியும் கொண்டுவந்து வைத்தார். ஸமீராவின் கையைத் தட்டிக்கொடுத்து பர்மியில் நீளமாக என்னவோ சொன்னார்.

“என்ன சொல்றாங்கக்கா?”

“உன் மெசேஜ் ரொம்ப மரியாதையா இருக்காம். இவ்வளவு தூரத்துல இருந்து ஒரு பொண்ணு வந்து, சாப்பாடு வேணுமான்னு கேக்கறது எவ்வளவு பெரிய மனசுங்கறாங்க.”

“வேணும்னு அழுத்தினாங்களான்னு கேளுங்க.”

ஜாஸ்லின் கேட்டாள். டாவ் மியா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“அழுத்தினாங்களாம். மெசேஜ் வந்த உடனேயே.”

“அப்புறம் ஏன் எடுத்துக்கலை?”

இதைக் கேட்க ஜாஸ்லினுக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்து என்னென்னவோ கேட்டாள். டாவ் மியாவும் சுற்றி வளைத்து என்னென்னவோ சொன்னார். நடுவில் ‘ஆர்நாடே’ என்ற சொல் மட்டும் ஸமீரா காதில் நாலைந்து தடவை விழுந்தது.

படி இறங்கும்போது அதைப் பிடித்துக்கொண்டாள். “அது என்னக்கா, ஆர்நாடே?”

“அதை எப்படிச் சொல்றது? ஒருத்தர் மனசு நோகுமேன்னு நம்ம மனசு கூசுமில்ல, அது. இங்க எல்லாருக்கும் உண்டு. இந்த மண்ணுல பொறந்த எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. அந்தம்மாவுக்கு நேத்து மகள் வீட்டுல இருந்து மொஹிங்கா, அதான் மீன் குழம்பு நூடுல்ஸ், வந்துடுச்சாம். இட்லி வேண்டியதில்லை. ஆனா மூஞ்சிக்கு நேரா வேணுமான்னு கேட்டா வேணாம்னு எப்படிச் சொல்றதாம்? அதான் வேணும்னு அழுத்திட்டாங்க.”

“அதுக்காக, எடுத்துக்காத சாப்பாட்டை ஆர்டர் பண்ணுவாங்களா?”

“அவங்க ஆர்டர் பண்ணலையே! கயித்தை இறக்கலைல்ல? அதைப் பாத்தே புரிஞ்சிருக்கும்னு நினைச்சாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் போன்ல அழுத்தினது மரியாதைக்கு. கயிறுதான் பதில்.”

ஸமீரா படியில் நின்றுவிட்டாள். இந்தக் கடையின் பழைய வழக்கம் அவளுக்குத் தெரியும். விடிந்ததும் பலகாரம் வேண்டியவர்கள் காலிப் பையோடு கயிற்றை இறக்கிவிடுவார்கள். ஸ்டீவன் சந்து சந்தாகப் போய்த் தொங்கும் பைகளைப் பார்த்துவிட்டு வந்து சொல்வான். ஜாஸ்லின் அதற்குத் தகுந்தபடி வேகவைப்பாள். வந்த முதல் நாளே அதைப் பார்த்த ஸமீரா, ‘விடிஞ்ச பிறகு தெரிஞ்சு என்ன லாபம்? முந்தின நாளே தெரிஞ்சா அவசரமே இல்லையே’ என்று கணக்குப் போட்டு, தன் செயலியை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். ஜாஸ்லின் உடனே சரி என்றாள்.

உடனே சரி என்றாள்.

“அக்கா.”

“என்னம்மா?”

“என் செயலியை உங்க கடையில வைக்கலாமான்னு நான் கேட்டப்ப, நீங்க சரின்னீங்களே. உங்களுக்கு அது வேணுமா?”

ஜாஸ்லின் கைபேசி வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

“அக்கா!”

“அவ்வளவு தூரத்துல இருந்து வந்து, கண்ணை விரிச்சு வெச்சிக்கிட்டுக் கேட்டியா... எப்படிம்மா வேணாங்கறது?”

ஸமீராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜாஸ்லினும் சிரித்தாள். யார் வீட்டிலோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

“செம மொக்கை வாங்கிட்டேன்க்கா. பிழை என் கேள்வியிலதான். நான் கேட்டிருக்கவே கூடாது. உங்க கயிறு யாரையும் எதையும் கேக்கறதில்லை. வேணும்னா இறங்கும். வேணாம்னா சும்மா இருக்கும். யாரும் யாருக்கும் வேணாம்னு சொல்ல வேண்டியதில்லை.”

“அடடே, நான் இதையெல்லாம் யோசிச்சதே இல்லை. எங்கம்மா இறக்கினாங்க, நானும் இறக்கறேன்.”

தெருவுக்கு வந்ததும் ஸமீரா சஜிதாவைக் கூப்பிட்டாள். ஹெராத்தில் அப்போதுதான் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். பாரசீக மொழியில் படபடவென்று கேட்டாள்.

“சஜிதா, நாளைக்கு ரொட்டி சுட முடியுமான்னு என் செயலி கேக்கும்போது, பெண்கள் என்ன அழுத்தறாங்க?”

“என்ன அழுத்துவாங்க? ‘வேண்டாம், வேறு யாருக்காவது குடுங்க’ன்னுதான்.”

“எல்லாருமா?”

“முதல் தடவை கேட்டவுடனே சரிங்கறதுக்கு அவங்க என்ன அலையறாங்களா? நீ இன்னொரு தடவை கேப்பேன்னு காத்திருந்தாங்க. நீ கேக்கலை. உன் செயலி ஒரு தடவை கேட்டுட்டு, பேரை எடுத்துட்டுப் போயிடுது.”

“முன்னாடியும் இப்படித்தானே கேட்டுது?”

“முன்னாடி, வேண்டாம்னு அழுத்தினவளை நான் திரும்பக் கூப்பிட்டு, ‘நீ சுடலைன்னா யார் சுடுவா’ன்னு ரெண்டு தடவை வற்புறுத்துவேன். நெட் திரும்ப வந்ததும் நீதானே, ‘சஜிதா, இனி நீ கஷ்டப்பட வேண்டாம், எல்லாத்தையும் செயலியே பாத்துக்கும்’னே? உன் மனசு நோகக் கூடாதுன்னு விட்டுட்டேன். பெண்கள் என்ன பேசிக்கறாங்க தெரியுமா? ‘ஸமீரா வெளிநாட்டுக்காரியாயிட்டா. ஒப்புக்கு ஒரு வார்த்தை கேக்கறா’ன்னு.”

ஸமீரா கண்ணை மூடினாள். அம்மாவின் வீட்டில் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினால் விருந்தாளி வேண்டாம் என்பார். மறுபடி நீட்ட வேண்டும். மறுபடியும் வேண்டாம் என்பார். மூன்றாவது முறைதான் கை நீளும். இது தெரியாத ஹெராத் பிள்ளை உண்டா? ஆனால் செயலியை எழுதிய கை சென்னைக் கை. விடுதி மெஸ்ஸில், ‘வேணுமா வேணாமா, சட்டுனு சொல்லு, பின்னாடி ஆள் நிக்குது’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய கை. இங்கே வேண்டாதவர்கள் வேண்டும் என்கிறார்கள். அங்கே வேண்டியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நடுவில் அவள் செயலி இரண்டையும் அப்படியே நம்பிக்கொண்டு நின்றிருக்கிறது.

“சஜிதா, மூடாதே. வழி கிடைச்சாச்சு.”

“அதுக்குள்ளயா? நெட் போனா என்ன பண்றதுன்னு கேக்கத்தானே போனே?”

“நெட்டே வேண்டாம். கேள்வியும் வேண்டாம். இனி நாம யாரையும் கேக்கறதில்லை. காலையில தந்தூரைப் பத்தவெச்சவ உன் போனுக்கு ஒரு ரிங் விட்டுட்டு கட் பண்ணட்டும். நீ எடுக்காதே. ரிங் வந்தா சுடறா. வரலைன்னா இல்லை. உன் போன்லயே இருக்கற செயலி அந்த நம்பரை மட்டும் எடுத்துக்கும். யாருக்கு ரொட்டி போகணும்னு அது பாத்துக்கும்.”



“ரிங் வராத அன்னிக்கு அவளை யாரும் ஏன்னு கேக்க மாட்டோமா?”

“கேக்க மாட்டோம். மறுநாள் அவளே விடுவா.”

“இதை இன்னிக்கே வீடு வீடாப் போய்ச் சொல்றேன்” என்றாள் சஜிதா. “நீயே நேர்ல வந்து சொன்ன மாதிரின்னு சொல்றேன்.”

ஸமீரா பகல் முழுவதும் ஜாஸ்லின் கடை மேசையில் உட்கார்ந்து செயலியைப் பிரித்து மேய்ந்தாள். பக்கத்து ஊர் மாவ்பியிலிருந்து வந்த கீரைக் கட்டுகளை ஜாஸ்லின் அவள் பக்கத்திலேயே ஆய்ந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

“ஸமீரா, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதே. உன் செயலி... எங்க கடைக்கு... வே...”

“சொல்லுங்கக்கா, சொல்லுங்க.”

“வேணாம்மா.”

சொல்லிவிட்டு ஜாஸ்லின் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டீவன் சமையலறையிலிருந்து கை தட்டினான். “எங்கக்கா பொறந்ததுல இருந்து முதல் வேணாம்!”

“மதியமே எடுத்துட்டேன்க்கா,” என்றாள் ஸமீரா.

“எடுத்துட்டியா? பாவி, இதைச் சொல்ல நான் எவ்வளவு பாடுபட்டேன்!”

மறுநாள் விடியலில் ஸமீரா ஸ்டீவனோடு தெருவில் நின்றாள். தலைக்கு மேல் கயிறுகள் ஒவ்வொன்றாக இறங்கின. டாவ் மியாவின் பை எல்லாவற்றிற்கும் முன்னால் தொங்கியது. ஸ்டீவன் வாய்க்குள் எண்ணிக்கொண்டே கடைப் பக்கம் திரும்பினான். அந்த நேரம் பார்த்துச் சந்து முழுவதும், “மீ லாபீ!” என்று கூச்சல் எழுந்தது. மின்சாரம் வந்துவிட்டது; வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது.

கைபேசி அதிர்ந்தது; ஹெராத்தில் இன்னும் விடிந்தே இருக்காது. சஜிதா.

“ஏதாவது வந்துச்சா?” என்றாள் ஸமீரா.

“ஷ்... பேசாதே. கேளு.”

சஜிதா இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. அது ஒருமுறை அடித்து நின்றது.

“யாரு?”

“பர்வானா. முதல்ல கழண்டுக்கிட்டவ.”

மறுபடி அடித்து நின்றது. சஜிதா அது யாரென்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி அடித்தது.

“எடுத்துடாதே சஜிதா!”

“எடுப்பேனா? எனக்கு அடுப்பு பத்தவைக்கவே நேரமில்லை, வை போனை. நானும் இன்னிக்குச் சுடப் போறேன், இந்தப் போன்லேர்ந்து ஒரு ரிங் விடணும்.”

ஸமீரா சிரித்துக்கொண்டே கடைக்குள் ஓடினாள். “அக்கா, இட்லி ஆயிடுச்சா? எனக்குப் பசிக்குது. நீங்க கேக்கவே வேணாம், நானே வந்துட்டேன்!”