தொப்பிக்காரர் சொல்லாத வாக்கியம்

எங்கள் குடியிருப்பில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப்பலகை உண்டு. தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், யாருடைய கார் யாருடைய இடத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அதில்தான் எழுதுவார்கள். அதன் மேல் மூலையில் தினம் ஒரு நல்வாக்கு எழுதும் பொறுப்பைச் சங்கத்தார் என்னிடம் கொடுத்தார்கள். நூலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் என்பது அவர்கள் சொன்ன காரணம். கூட்டத்தில் நான் வாயைத் திறக்காமல் இருக்க ஏதாவது கொடுத்து உட்காரவைக்க வேண்டும் என்பது உண்மையான காரணம்.

என்னிடம் நூலகம் கழித்துப்போட்ட ஒரு புத்தகம் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்து நையாண்டிக்காரர் ஒருவரின் வாசகங்கள். முதல் பக்கத்தில் அவர் படம்: உயரமான தொப்பி, அப்போதுதான் யாரிடமோ ஏமாந்துவிட்டு வந்த முகம். பெயர் இருந்த அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. நான் தமிழில் எழுதி, கீழே ‘தொப்பிக்காரர்’ என்று போட்டுவிடுவேன்.

ஜனங்கள் அதை இவ்வளவு நம்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ‘கூட்டம் கூடி எடுத்த முடிவுக்கு, கூட்டம் கலையும்வரைதான் ஆயுள்’ என்று ஒரு நாள் எழுதினேன். இரண்டாம் மாடியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பெண், மறுநாள் முதல் ஒரு தலையணைக்குக் கண்ணாடி மாட்டித் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டாள். மூன்று வாரம் அதுதான் ஆபீஸ் கூட்டங்களில் கலந்துகொண்டது. பொறுமையாகக் கேட்கிறாய் என்று மேலதிகாரி பாராட்டியதாகவும் கேள்வி. ‘புத்தி சொல்ல வருகிறவருக்கு நாற்காலி போடாதே’ என்று எழுதியதும், நான்காம் மாடிக்காரர் வீட்டு நாற்காலிகளை மொட்டைமாடிக்கு ஏற்றினார். அவருடைய மாமியார் ஏழு மணி நேரம் நின்றபடியே புத்தி சொன்னார். நான் கூட்டிச் சொல்வதாக நினைத்தால் அந்த அம்மாளின் காலைப் போய்ப் பாருங்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் நாளோடு புத்தகம் தீர்ந்தது. ஜனங்கள் தீரவில்லை. எனவே மீதி நாட்களுக்கு நானே எழுதத் தொடங்கினேன். கீழே அதே தொப்பிக்காரர். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. போகப்போக அவர் எழுத்து மெருகேறுகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். மனிதர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இதுவரை சொன்னது விளையாட்டு.

என் தங்கை வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. எழுபத்தொரு வயது, தலையில் ஒரு முடி இல்லை, எனக்கு இன்னும் மாப்பிள்ளைதான். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். போன மாதம் படியேறும்போது மயங்கி விழுந்தார். இதயத்தில் ஒரு வால்வு சுண்ணாம்பாக இறுகிவிட்டதாம். மாற்றாவிட்டால் ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு என்றார் டாக்டர் அம்மா. வியாழன் காலை ஒன்பதுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தும் ஆயிற்று. புதன்கிழமை மதியம் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, கையெழுத்துப் போட மாட்டேங்கறார். கேட்டா உன் தொப்பிக்காரன் சொன்னான்னு சொல்றார். நீயே வந்து பேசு.”

என்ன வாக்கியம் என்று கேட்டேன். சொன்னாள்.

‘வைத்தியர் வரும்வரை மனிதனுக்கு வயதுதான் ஆகிறது, அவர் வந்தபிறகுதான் நோய் வருகிறது.’

அது புத்தகத்தில் இல்லை. நான் எழுதியது.

நான் போனபோது மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சம்மதப் படிவம் மேசைமேல், மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

“வாங்க மச்சான். உங்காளு என்னமா சொல்லியிருக்காரு பாத்தீங்களா? எனக்கு வயசுதான் ஆகுது. இவங்கதான் நோயாக்கறாங்க.”

“மாப்பிள்ளை, அத அவர் சொல்லல. நான் எழுதினேன்.”

அவர் சிரித்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தார்.

“நாப்பது வருஷமா நீங்க எங்கிட்ட சொன்னதுல உங்க பேர் ஒண்ணுதான் நெஜம். அதுக்கும் நான் அத்தாட்சி பாத்ததில்ல.”

“சத்தியமா நான்தான்.”

“உங்களுக்கு அவ்வளவு நல்லா எழுத வராது மச்சான்.”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, இல்லை பாருங்கள் என்று காட்டினேன். கரையான் தின்ற இடங்களை விரலால் தடவி, “இங்க இருந்திருக்கும்” என்றார்.

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து வாசிப்பதுபோல் பாவனை செய்து, இன்னொன்று சொன்னேன்: “உடலைப் பழுதுபார்க்கத் தயங்குகிறவன் தன் வீட்டுக் கூரையைப் பழுதுபார்ப்பதில் பொருளில்லை.”

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார்.

“இது தொப்பிக்காரர் இல்ல. சுகாதாரத் துறை.”

தங்கைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “ரெண்டு பேரும் பேசிப் பேசியே என்னை அத்துவானத்துல நிறுத்துங்க,” என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன். இருந்ததை எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டிருந்தேன்.

“மாப்பிள்ளை, எனக்குப் பயமா இருக்கு,” என்றேன்.

அவர் திரும்பவில்லை.

“நீங்க போயிட்டா அவ எப்படி இருப்பான்னு பயம். அது ஒண்ணு. காலைல எந்திரிச்சு யார்கிட்ட வந்து பொய் சொல்றதுன்னு தெரியல. அது இன்னொண்ணு. எது பெரிசுன்னு என்னைக் கேக்காதீங்க.”

அவர் கழற்றி வைத்திருந்த சட்டையை எடுத்து மடியில் போட்டு, அதன் பித்தானைத் திருகினார்.

“இதயத்த நிறுத்திடுவாங்களாம் மச்சான்.”

“சொன்னாங்க.”

“எத்தனை லிஃப்ட் பாத்திருக்கேன். ஓடிக்கிட்டே இருந்தா எந்தப் பழசும் ஓடும். வேலைக்காக நிறுத்துவோம். எல்லாத்தையும் சரியா மாத்துவோம், எண்ணெய் போடுவோம், ஸ்விட்ச் போடுவோம். சிலது எழும்பாது. ஒரு கொறையும் இருக்காது. எழும்பாது, அவ்வளவுதான்.” குரல் இறங்கியது. “இத அவகிட்ட எப்படிச் சொல்றது? அதான் உங்காளு சொன்னதப் பிடிச்சுக்கிட்டேன்.”

டாக்டர் அம்மா உள்ளே வந்தார். படிவத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

மாப்பிள்ளைதான் கேட்டார். “நிறுத்துன பிறகு, மறுபடி ஓட வைக்கிறது யாரும்மா? நீங்களா, அதுவா?”

அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பெரும்பாலும் அதுவே ஆரம்பிச்சுடும் ஐயா. இல்லேன்னா மின்சாரம் கொடுத்து ஒரு தட்டுத் தட்டுவோம். அதுக்கும் எழும்பாம போனது என் கையில ரெண்டு. நானூத்துச் சொச்சத்துல ரெண்டு.”

“அந்த ரெண்டும் ஞாபகம் இருக்கா?”

“ரெண்டு பேரோட பேரும் ஞாபகம் இருக்கு.”

மாப்பிள்ளை தலையாட்டினார். தன் வேலை தெரிந்த இன்னொரு மெக்கானிக்கைப் பார்த்துத் தலையாட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நெஜமாவே அந்த வரி உங்களோடதா?”

“ஆமா. டீயில சர்க்கரை கூடாதுன்னு என் டாக்டர் சொன்ன அன்னிக்கு, எரிச்சல்ல எழுதினது.”

“சர்க்கரைக்காகவா!”

“சர்க்கரைக்காகத்தான்.”

“அத நம்பிச் சாகப் பாத்தேனே மச்சான்.”

இதைச் சிரிக்காமல் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. பேனாவை வாங்கி, காட்டிய இடத்திலெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தங்கை பிளாஸ்க்கோடு உள்ளே வந்தபோது நாலாவது பக்கத்தில் இருந்தார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் ஒன்பதுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. பதினோரு மணிக்குப் பேச்சுக்கொடுக்கலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். “அண்ணா, இன்னிக்கு வேண்டாம்,” என்றாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கதை சொன்னவன், நாலு மணி நேரம் எதிர்ச்சுவரிலிருந்த தீயணைப்பான் மீது அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். அதை எழுதியவன் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை.

மூன்றே காலுக்கு டாக்டர் அம்மா வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். தங்கை எழுந்தாள்.

“ஓடுது,” என்றார் அவர். “தானா எழும்பல. ரெண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது.”

“கல்யாணமான நாள்லேர்ந்து அவரை ரெண்டு தடவை தட்டித்தான் எழுப்பறேன்,” என்றாள் தங்கை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.