சேற்றில் மறைந்த எண்கள்

'ஜூன் 14, சனி. இன்றைய பிழை ஒன்று. அண்ணன் அடித்த கோலைத் தம்பி அடித்ததாகச் சொல்லிவிட்டேன். திருத்திச் சொல்ல நாற்பது வினாடி ஆனது.'

நோட்டில் எழுதியதோடு விஷயம் முடியவில்லை. ஒரே ஜாடையில், ஒரே அணியில் ஆடும் அந்த அண்ணன் தம்பியின் அம்மாவே வானொலி நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் நிலைய இயக்குநர், கால்பந்து வர்ணனை சொல்லும் அவளைக் கூப்பிட்டார்.

"பெத்தவங்க கோபம் நியாயந்தானேம்மா. அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. அதுலயும் ஆள் மாறுச்சுன்னா மைக்கைப் பழையவர்கிட்டயே குடுத்துடுவேன்."

அவள் வர்ணனையாளராகி நாலே மாதம். வாரம் முழுக்கக் காலையில் அந்த அண்ணன் தம்பியின் பயிற்சி மைதானத்துக்குப் போனாள். முதுகிலிருந்த எண்ணைப் பார்க்காமல் ஓட்டத்தை மட்டும் பார்த்தாள். உதைப்பதற்கு முன் அண்ணன் இடது தோளைத் தாழ்த்துவான். தம்பி முழங்கைகளை விரிப்பான்.

அரையிறுதியன்று மழை கொட்டித் தீர்த்தது. அரை மணி நேரத்தில் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் சேற்றுப் பொம்மைகளாகிவிட்டார்கள். வர்ணனை அறையின் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டக் கணக்கு எழுதும் புள்ளிவிவரக்காரருக்குக் கை ஓய்ந்தது.

"இதுல யாரு மாமன், யாரு மச்சான்னே தெரியலையே," என்று முணுமுணுத்தார்.

எண்பத்தெட்டாவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது கார்னரிலிருந்து வந்த பந்து கும்பலுக்குள் விழுந்தது. ஒரு தோள் தாழ்ந்தது. பந்து வலைக்குள்.

"கோல்!" என்றாள். பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். புள்ளிவிவரக்காரர் சீட்டை நீட்டினார்: தம்பி. மைதான ஒலிபெருக்கியும் அதையே முழங்கியது. தப்பானால் இதுதான் கடைசி ஆட்டம். ஆனாலும் கண்ணால் பார்த்ததை எப்படி விழுங்குவது?

"அடித்தவர் அண்ணன், நேயர்களே. தம்பி அல்ல, அண்ணன்."

"உன் வேலைக்கு நீயே வேட்டு வெச்சுக்கிட்டியே பாப்பா," என்று புள்ளிவிவரக்காரர் காதோரம் கிசுகிசுத்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பந்தின் பின்னாலேயே வர்ணனையைக் கொண்டுபோனாள்.

ஆட்டம் முடிந்ததும் நடுவரின் அறிக்கை மேலே வர்ணனை அறைக்கு வந்தது. கோல் அடித்தவர்: எண் ஒன்பது. அண்ணன். ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு தன்னைத் திருத்திக்கொண்டது.

இயக்குநர் போனில் வந்தார். "மத்த மூணு நிலையமும் தம்பின்னே சொல்லுச்சு. நீ ஒருத்திதான் சரி. இறுதி ஆட்டமும் உன்னோடதுதாம்மா."

"நான் கண்ணாடி மாத்தணும் போலிருக்கு," என்றார் புள்ளிவிவரக்காரர்.

"ஜன்னலுக்கா சார், உங்களுக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே குடையை அவளிடம் கொடுத்தார். பேருந்தில் உட்கார்ந்ததும் அவள் நோட்டைப் பிரித்தாள்.

'நாளை, ஞாயிறு. காலை ஏழு மணி. இறுதி ஆட்டத்தின் எதிரணிப் பயிற்சி. பதினெட்டுப் பேரின் ஓட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.'