முந்நூறு மீட்டருக்கு முன்னால்

சாரணர் அணிகளின் ஆண்டு நடைப்போட்டியில், காலை பதினோரு மணிக்குள் நாலு அணிகளை ஒரு கோழிப்பண்ணைக்குள் கொண்டுபோய் நிறுத்திய பெருமை முழுக்க என்னையே சேரும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. முப்பத்திரண்டு கிலோமீட்டர் நடக்கிற தெம்பெல்லாம் எனக்கு ஏது? என் கடைக்குள் நின்றபடியேதான் அதைச் சாதித்தேன்.

எனக்குச் சொந்தமாக ஒரு போட்டோகாப்பி கடை இருக்கிறது. போட்டிக்கான வரைபடத்தை வருஷாவருஷம் நான்தான் இலவசமாகப் பிரதி எடுத்துக் கொடுப்பேன். இந்த வருஷம் ஓர் அற்ப ஆசை வந்தது. தாளின் அடியில் ஒரே ஒரு வரி விளம்பரம்: ‘அச்சு அசலான பிரதிகளுக்கு அணுகவும்.’ கீழே இடம் இல்லை. அதனால் வரைபடத்தைக் கொஞ்சமே கொஞ்சம், தொண்ணூற்று மூன்று சதவீதமாகச் சுருக்கினேன். பன்னிரண்டு அணிகளுக்குப் பன்னிரண்டு தாள், உபரியாக ஒன்று. படம் பளிச்சென்று வந்தது. விளம்பரம் அதைவிடப் பளிச்சென்று வந்தது.

வரைபடத்தில் நாலு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர்; அதே அளவில் கட்டமும் போட்டிருக்கும். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, காலடியை எண்ணிக்கொண்டே நடப்பார்கள். போன்களை எல்லாம் கிளம்பும்போதே உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். யாரிடமும் வழி கேட்கவும் கூடாது. நான் சுருக்கிய தாளை அளந்து நடந்தால், நாலாவது கிலோமீட்டரில் இடதுபக்கம் திரும்ப வேண்டியவர்கள் ஏறக்குறைய முந்நூறு மீட்டர் முன்னாலேயே திரும்பிவிடுவார்கள். என் நேரம், சரியாக அங்கேயும் இடதுபக்கம் ஒரு பாதை இருந்தது. அது நேராகக் கோழிகளிடம் போகிற பாதை.

போட்டி முடிகிற இடமான பள்ளிக்கூட ஹாலில் நானும் காத்திருந்தபோதுதான் விஷயம் போனில் வந்தது. போட்டி நடத்துகிறவர் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நாலாவது கோஷ்டி வந்து நிக்குது. வழி கேக்க மாட்டாங்களாம், திரும்பிப் போகவும் மாட்டாங்களாம். தாள நீட்டி ‘இங்கதான் பாலம் இருக்கணும்’ங்கறாங்க. என் கோழியெல்லாம் மிரண்டுபோய் மூலைல நிக்குது. நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல இவங்களையும் கூண்டுல விட்டுடட்டுமா?”

மீந்த தாளை எடுத்து, ஹால் சுவரில் ஒட்டியிருந்த அசல் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் அசல் எட்டிப் பார்த்தது.

“சார், தப்பு என்னோடது. போட்டி செல்லுமா, செல்லாதா?”

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார். “பாக்கலாம்.”

“பிள்ளைங்கள யாராவது திருப்பி விட வேண்டாமா?”

“ஆள் அனுப்பியாச்சு.”

“அப்ப போட்டி?”

“பாக்கலாம்னு சொன்னேனே.” இருபது வருஷமாக அவருக்குப் பட்டப்பெயரே ‘பாக்கலாம் சார்’தான்.

என் கவலை கோழிகளைப் பற்றியது இல்லை. ஓர் அணிக்கு லீடர் என் மகள். மூன்று வருஷமாக இரண்டாவது இடம்; மூன்று தடவையும் ‘ஒட்டகச்சிவிங்கி’ என்று எல்லோரும் கூப்பிடுகிற நெட்டைப் பெண்ணின் அணியிடம்தான் தோற்றாள். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். இதுதான் கடைசித் தடவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடை மிஷினை ஓட்டுகிறவளும் அவள்தான்; சுருக்கின தாள் அவள் கண்ணுக்குத் தப்புமா? வரைபடம் சுருங்கியது தெரியாமல் நடந்தால் அவளும் கோழிகளிடம் போய்த் தோற்பாள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நடந்தால், ஜெயித்தாலும் அது ஜெயிப்பா? போட்டியே செல்லாது என்றால் கோப்பை இந்த ஜென்மத்தில் கிடையாது. எந்த வழியாகப் போனாலும் என் விளம்பரத்தில் வந்து முட்டிக்கொண்டேன்.

என் மனைவி நர்ஸ். முதலுதவி மேஜையில் பிளாஸ்திரி வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“உங்க பொண்ண நீங்களே கேளுங்க.”

“காலைல வரைக்கும் நம்ம பொண்ணா இருந்தாளே!”

“விளம்பரம் போடறப்ப என்னக் கேட்டீங்களா?” கத்தரிக்கோல் என் சட்டைப் பொத்தானுக்கு ஓர் அங்குலம் பக்கத்தில் வந்துபோனது. நகர்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு என் மகளின் அணி முதலில் வந்தது. முழங்கால் வரை சேறு, ஆறு பேரும் தொண்டை கிழியப் பாட்டு. நான் கை தட்டினேன். கை தட்டலாமா என்று யோசித்துக்கொண்டே தட்டினதால் ஓசை சரியாக வரவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து ஒட்டகச்சிவிங்கியின் அணி வந்தது. அவள் தலைமுடியில் ஒரு வெள்ளை இறகு.

அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு பல் டாக்டர். எழுந்து நின்றார். “எங்க பசங்கள்லாம் கோழியோட நிக்கறப்ப, கடைக்காரர் பொண்ணுக்கு மட்டும் வழி எப்படித் தெரிஞ்சுது?”

என் கால் என்னைக் கேட்காமலே ஒரு பெஞ்சு மேல் ஏறிவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன், தொண்ணூற்று மூன்று சதவீதம் உட்பட. விளம்பர வாசகத்தைச் சொன்னபோது சிரிப்பில் கூரை அதிர்ந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“அதெல்லாம் சரிங்க. உங்க பொண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா?”

பெஞ்சிலிருந்து இறங்கி அவளிடம் போனேன். “ஏம்மா, தெரியுமா?”

“பசிக்குதுப்பா.”

“தெரியுமா, தெரியாதான்னு ஒரு வார்த்தை சொல்லேன்.”

“ஷூவக் கழட்டிக்கறேன் முதல்ல.” குனிந்தவள் நிமிரவே இல்லை. கயிறு எப்போதோ அவிழ்ந்துவிட்டது. விரல்கள் மட்டும் அதை நோண்டிக்கொண்டே இருந்தன. காது மடல் சிவந்திருந்தது. அவள் குழந்தையிலிருந்தே அப்படித்தான். எதையாவது மறைத்தால் காதுதான் காட்டிக்கொடுக்கும்.

மனைவியைப் பார்த்தேன். அவள் பஞ்சை எண்ணினாள். பாக்கலாம் சாரைப் பார்த்தேன். மேஜைமேல் இருந்த கோப்பையை எடுத்து மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “பாக்கலாம்,” என்றார்.

“யாராவது ஒரே ஒரு ஆள் எனக்கு நேரா பதில் சொல்லுங்களேன்!” என்று கத்திவிட்டேன்.

முதலுதவி மேஜைப் பக்கம், வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒட்டகச்சிவிங்கி கையைத் தூக்கினாள்.

“நான் சொல்றேன் அங்கிள். அவளுக்குத் தெரியும். காலைல கிளம்பறதுக்கு முன்னாடி லீடருங்க எங்க எல்லாரையும் ஓரமா கூப்பிட்டு, ‘கட்டத்த அளந்து பாருங்க, சின்னதா இருக்கு, கணக்க மாத்திக்குங்க’ன்னு சொன்னா. ‘எங்கப்பா காதுக்கு மட்டும் போகக் கூடாது, உடைஞ்சு போயிடுவாரு’ன்னு எங்ககிட்ட சத்தியம் வேற வாங்கினா. மத்தவங்க அளந்து பாத்தாங்க. நாங்க நாலு பேருதான், ‘நம்மள குழப்பி விடறாடி’ன்னு சிரிச்சுட்டுப் போனோம். நாங்க தோத்தது உங்க மிஷினால இல்ல அங்கிள், எங்க திமிரால. கப்ப அவகிட்டக் குடுக்கச் சொல்லுங்க.”