பச்சை காட்டிய புங்கமடுவு

"இந்த போட்டோவ ஏத்தணும் பாப்பா. நஷ்டஈட்டு மனு."

ராஜப்பன் நீட்டிய செல்போனை வெண்மதி வாங்கினாள். ஏரியூர் இ-சேவை மையத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. அவரும் அவளும்தான்.

திரையில் ஒரு கேழ்வரகு வயல். ஒரு கல்யாணக் கூட்டமே படுத்துப் புரண்டு எழுந்துபோன மாதிரி கிடந்தது. நடுவில், ஈர மண்ணில், முறம் அகலத்துக்கு ஒரு காலடி.

"யானைங்களாண்ணா?"

"பின்ன, பூனையா? எங்க ஓடையில வந்து குடும்பத்தோட குந்திக்கிச்சுங்க. ரெண்டு பெருசு, ஒரு குட்டி. நேத்து வரைக்கும் பகல்லயே ரோட்டத் தாண்டுச்சுங்க. இன்னிக்கு எங்க நிக்குதுங்கன்னு தெரியல."

"எந்த ஊருங்க?"

"புங்கமடுவு."

விசைப்பலகையில் அவள் விரல்கள் நின்றன.

தன் செல்போனை எடுத்தாள். யானை நடமாட்டச் செயலி. அவளே செய்தது. ஊர்ப் பட்டியலைத் தள்ளித் தள்ளி இறங்கினாள்.

புங்கமடுவு. பச்சை.

அந்தச் செயலிக்கு வயது இரண்டு வாரம். கோப்பை ஏற்றி, என்ன வேண்டும் என்று தமிழில் எழுதினால் செயலி கட்டிக் கொடுக்கும் இணையதளம் ஒன்றை அவள் தற்செயலாகப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டாள். காட்டோர விவசாயிகளின் வாட்ஸப் குழுவில் வந்த செய்திகள் மொத்தத்தையும் டெக்ஸ்ட் கோப்பாக இறக்கினாள். சுற்றுவட்ட ஊர்ப்பெயர்களை எக்செல்லில் அடித்தாள். இரண்டையும் ஏற்றினாள். சமீபத்தில் யானைச் செய்தி வந்த ஊருக்குச் சிவப்பு, வராத ஊருக்குப் பச்சை என்று எழுதினாள். அவ்வளவுதான். சோறு வேகிற நேரத்தில் செயலி வந்துவிட்டது.

குழுவே கொண்டாடியது. குழுவைவிட அதிகம் கொண்டாடியவன் முருகேஷ். அவள் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்.

இன்று காலையில்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனான். "மெயின் ரோட்டுல பாலத்தத் தோண்டிப் போட்டுட்டானுங்க மதி. சுத்திப் போனா ரொம்ப நேரமாகும், சாயங்காலம் பசங்கள காட்டு வழியில கூட்டிட்டுப் போறேன்."

"காட்டு வழியா? வேணாம் மாமா."

"உன் ஆப்தான் பச்சை காட்டுதே! என் பொண்டாட்டி பச்சை காட்டினா நான் சிங்கம் இருந்தாலும் போவேன்."

அந்தக் காட்டு வழி புங்கமடுவு ஓடையைத் தாண்டித்தான் போகும்.

வெண்மதி முருகேஷின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும். வெளியே.

"அண்ணா, நீங்க ஏன் குரூப்புல ஒரு வார்த்தை போடல?" அவள் குரல் சண்டைக்குப் போவதுபோல் வந்தது.

ராஜப்பன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எங்கூர்ல ஏது பாப்பா டவரு? போன்ல மணி பாக்கலாம், பாட்டு கேக்கலாம். பேசணும்னா செல்லி டீக்கடைக்குத்தான் வரணும். யானை வாசல்ல நிக்கறப்ப அங்க எப்படி வர்றது?"

அவள் மறுபடி அந்தப் பச்சையைப் பார்த்தாள்.

செய்தி வராத ஊர், யானை வராத ஊர் அல்ல. செய்தி அனுப்ப முடியாத ஊர்.

அந்த இணையதளம் அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தது. இப்போது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வந்தது. 'சில ஊர்களைப் பற்றி ஒரு செய்திகூட இல்லை. அவற்றைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளலாமா?' குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. அவள் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டு எழுந்து போயிருந்தாள்.

ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். ராஜப்பன் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார்.

காட்டு வழி பிரிகிற முக்கில் செல்லியின் டீக்கடை. வண்டி நிற்பதற்குள் வெண்மதி கத்தினாள். "அக்கா! வேன் போயிடுச்சா?"

"கொஞ்ச நேரம் முன்னாடி திரும்புச்சு. பசங்க டாட்டா காட்டிட்டுப் போச்சுங்க. ஏன்டி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்குது?"

வெண்மதி ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். ராஜப்பன் காலை ஊன்றி வண்டியை நிறுத்தினார்.

"வேனுக்காவது தகரம் இருக்குது. இந்த வண்டிய வெச்சுக்கிட்டு நீ போயி என்ன பண்ணுவ? நில்லு."

நின்றாள். செல்லி கொடுத்த டீ ஆடை கட்டியது. காட்டுப் பக்கமிருந்து ஒரு மயில் அகவியது. அதற்கே பாதைப் பக்கம் நாலடி ஓடினாள். வேனில் இருக்கிற பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மனதில் ஓடின. கடைசியில் அவன் பெயர்.

பிறகு ஹாரன். மஞ்சள் வேன், காலியாக, புழுதியோடு வளைந்து வந்தது. முருகேஷ் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"என்னடி, வரவேற்பெல்லாம் பலமா இருக்குது? பசங்கள வூட்டுல விட்டாச்சு. வழியில ஒரு முயல்கூட இல்ல. பச்சைன்னா பச்சைதான்!"

அவள் அவன் முழங்கையில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பிறகுதான் அழுகை வந்தது.

"யானை எதிர்ல வரல, அவ்வளவுதான் மாமா. அதுக்கும் என் ஆப்புக்கும் சம்பந்தமே இல்ல."

அவனுக்குப் புரியவில்லை. நல்லபடியாக முடிந்த விஷயத்துக்கு எதற்கு அழுகை? அவன் முகத்தில் இருந்த அந்த நம்பிக்கைதான் அவளை யானையைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. நாளைக்கு இன்னும் தைரியமாகப் போவான்.

வீட்டுக்குப் போனதும் செயலியைத் திறந்தாள். செய்தியே வராத ஊர்களுக்கு மூன்றாவதாக ஒரு நிறம் கொடுத்தாள். சாம்பல். பக்கத்தில், 'தெரியாது'. புங்கமடுவுக்கும் அதுதான்; ராஜப்பன் பார்த்தது நேற்று, இன்று யானை எங்கே என்று அவருக்கே தெரியாது. பட்டியலில் பாதி சாம்பலாகிப் போனது.

குழுவில் வறுத்தெடுத்தார்கள். "தெரியாதுன்னு சொல்ல எதுக்கும்மா ஆப்பு? அத நானே சொல்லுவனே" என்றார் சவுரியப்பன். நாற்பது பேர் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள்.

முருகேஷ் தட்டில் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான். "ஊரெல்லாம் பெருமையா சொல்லி வெச்சேன். இப்ப எவன் மதிப்பான்?"

"மதிக்காட்டிப் போறாங்க. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னா உன்ன நம்பி வேன்ல ஏறுற பசங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அவன் குழம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை. அவள் மையத்தைத் திறக்கும்போது அவனிடமிருந்து அழைப்பு.

"முக்குல நிக்கறேன். உன் ஆப்பு சாம்பல் காட்டுது."

"சரி."

"என்ன சரி? யாரையாச்சும் கேக்கலாம்னு பாத்தா, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆளும் வரல. எவ்வளவு நேரம்தான் நிக்கறது?" போனில் வேன் கியர் மாறுகிற சத்தம் கேட்டது. "சுத்தியே போறேன். பசங்க லேட்டா வந்தா ஹெச்.எம்.கிட்ட நீ வந்து திட்டு வாங்கு."

"வாங்கறேன் மாமா."

அவன் வைத்த சற்று நேரத்தில் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. செல்லி. குழுவில் அவள் பேசுவது இதுதான் முதல் தடவை.

"புங்கமடுவு பக்கம் இன்னும் யாரும் வரல கண்ணு. ஒண்ணும் தெரியல. யாராச்சும் வந்தா கேட்டு சொல்றேன்."

வெண்மதி எக்செல்லைத் திறந்தாள். புங்கமடுவு வரிசையில் முதல் முறையாக ஒரு கட்டம் நிரம்பியது. செல்லி சொன்னதை அப்படியே அடித்தாள்.

நிறத்தை மாற்றவில்லை.